புள்ளிப் பட்டியல் அரிச்சந்திரனா?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கைச் சேர்ந்த 20 கழகங்களும் தத்தம் 38-ஆவது ஆட்டத்தைப் பத்து மைதானங்களில் ஒரே நேரத்தில் ஆடி முடித்து, நடுவர்களின் ஊதல் ஒலி அடங்கி, வென்றவர்கள் ஆர்ப்பரிக்கவும் தோற்றவர்கள் கழுத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தொடங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம், அந்நாட்டு மதுக்கூடங்களிலும் ரயில் பெட்டிகளிலும் தொலைக்காட்சி விமர்சகர்களின் மேசையிலும் ஒரு வாக்கியம் தவறாமல் உச்சரிக்கப்படும்: "பட்டியல் பொய் சொல்லாது." அதைச் சொல்பவர் அநேகமாக வென்ற கட்சிக்காரராகவே இருப்பார், சொல்லும் குரலில் வைதிகர் ஒருவர் சாஸ்திரப் பிரமாணம் காட்டும் தோரணை இருக்கும். தம் அணி நவம்பரில் எப்படி ஆடிற்று, ஜனவரியில் யாருக்குக் கால் முறிந்தது, பிப்ரவரியில் எந்த நடுவர் எதைப் பார்க்கத் தவறினார் என்றெல்லாம் அதுவரை அடுக்கிக்கொண்டிருந்த எதிராளி, அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் வாயடைத்துப்போய்த் தம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாதம் முடிந்தது என்று அர்த்தம்.

விளையாட்டைச் சுற்றி நம்பிக்கைகள் வளர்வது சகஜம். ஆட்டத்தன்று ஒரே பழைய சட்டையை உடுத்துபவர் உண்டு. மைதானத்துக்கு ஒரே வீதி வழியாகத்தான் போவேன் என்பவர் உண்டு. பெனால்டி உதைக்கும் சமயத்தில் தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் பந்து உள்ளே போகும் என்று தீர்மானமாக நம்பும் முதியவர்களும் உண்டு. இவற்றால் எவருக்கும் கேடில்லை. நம்புகிறவர்களே தனியே இருக்கையில் அவற்றை நினைத்துச் சிரித்துக்கொள்வார்கள். பட்டியலைப் பற்றிய நம்பிக்கையோ பகுத்தறிவின் உடையைத் தரித்துக்கொண்டு, கணக்கின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சபைக்கு வருகிறது. சட்டையை நம்புபவர் தம்மை மட்டுமே ஏமாற்றிக்கொள்கிறார். பட்டியலை நம்புபவர் பிறர்மேல் தீர்ப்பு எழுதுகிறார். முன்னவரை மன்னிக்கலாம், பின்னவரைக் கண்டிக்காமல் விடலாகாது என்பது, இந்த லீக்கை வெகு தூரத்திலிருந்து வெகுகாலமாகப் பார்த்து வருபவனாகிய என்னுடைய அபிப்பிராயம்.

எதிர்க்கட்சிக்குச் சேர வேண்டிய நியாயத்தை முதலிலேயே கொடுத்துவிடுவோம். கோப்பைப் போட்டியில் ஒரு பிற்பகல் சறுக்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீக்கிலோ ஒவ்வொரு கழகமும் மற்றப் பத்தொன்பது கழகங்களையும் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் அயல் மைதானத்தில் ஒரு முறையும் சந்திக்கிறது. ஆகஸ்ட் வெயிலிலும் டிசம்பர் மழையிலும் ஆட வேண்டியிருக்கிறது. ஆகவே கோப்பையைக் காட்டிலும் லீக் நம்பத்தக்க சாட்சி என்பதில் சந்தேகமில்லை. 2003-04 சீசனில் 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லை என்று முடித்த ஆர்சனலும், அடுத்து வந்தவரைவிடப் 10 புள்ளி மிகுதியாக 81 புள்ளி பெற்று 2016-இல் உலகத்தையே வியக்கவைத்த லெஸ்டரும் தற்செயலாக அந்த ஸ்தானத்தில் போய் உட்கார்ந்தார்கள் என்று சொல்ல எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. தலைக்கும் வாலுக்கும் உள்ள பேதத்தைப் பட்டியல் சரியாகவே காட்டுகிறது. ஆனால் மதுக்கூடத்தில் சச்சரவு மூளுவது தலையையும் வாலையும் பற்றி அன்று. முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும், பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவேதான் சண்டை. அங்கே ஒரு புள்ளி, ஒரு கோல் என்ற மயிரிழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு அணிகளுள் மேலே எழுதப்பட்டது மெய்யாகவே மேலானது என்று சாதிக்கும்போதுதான், கணக்குப் பிள்ளையைக் கடவுளாக்கும் காரியம் நடக்கிறது.

பட்டியல் என்பதுதான் யாது? ஆட்டங்களின் முடிவுகளை, மனிதர்கள் கூடிப் பேசி ஏற்படுத்திக்கொண்ட சில விதிகளின்படி எழுதிக் கூட்டிய பேரேடு அது. 1888-இல், ஆஸ்டன் வில்லாவின் நிர்வாகியும் பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்தவருமான வில்லியம் மக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் முயற்சியால் பன்னிரண்டு கழகங்கள் சேர்ந்து லீக்கைத் தொடங்கியபோது, ஆட்டங்கள் செப்டம்பரிலேயே ஆரம்பமாகிவிட்டன. வெற்றிக்கு எத்தனை புள்ளி, டிராவுக்குப் புள்ளி உண்டா இல்லையா என்பது தீர்மானமானதோ நவம்பரில். பாதிப் பந்தி நடந்த பிறகு கல்யாணம் யாருக்கு என்று விசாரித்த கதைதான். வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று அப்போது வகுத்த விதி தொண்ணூறு ஆண்டுக்கு மேல் நீடித்து, 1981-இல் முன்னாள் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில்லின் யோசனைப்படி வெற்றிக்கு 3 ஆயிற்று. சமப் புள்ளி பெற்றவர்களைப் பிரித்துக் காட்ட, அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து வரும் ஈவை வெகுகாலம் பார்த்து வந்தார்கள். 1976-77 முதல் வகுத்தலைக் கைவிட்டுக் கழித்தலுக்கு மாறினார்கள்.

வகுத்தாலென்ன, கழித்தாலென்ன என்பவர்கள் 1924-ஆம் ஆண்டு மே மாதத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்நாளில் ஆளுக்கு 42 ஆட்டம். எல்லாம் முடிந்தபோது ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுனுக்கும் 57 புள்ளி, கார்டிஃப் சிட்டிக்கும் 57 புள்ளி. ஹட்டர்ஸ்ஃபீல்டு அடித்தது 60, வாங்கியது 33. கார்டிஃப் அடித்தது 61, வாங்கியது 34. வகுத்துப் பார்த்தால் முன்னவருக்கு 1.818, பின்னவருக்கு 1.794, ஒரு கோலில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறாத வித்தியாசத்தில், பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மனின் ஹட்டர்ஸ்ஃபீல்டு சாம்பியன் ஆயிற்று. கடைசி நாளில், பர்மிங்ஹாமில், கோலின்றி இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் கார்டிஃபுக்கு ஒரு பெனால்டி கிடைத்திருந்தது. அணியில் மிகுதியாகக் கோல் அடித்தவரான லென் டேவிஸ் பந்தை வைத்துவிட்டுப் பின்னே போய், ஓடி வந்து உதைத்தார், பந்து வலைக்குப் போகவில்லை, ஆட்டம் 0-0.

இப்போது அதே எண்களை நம் காலத்துக் கழித்தல் விதியில் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் மிச்சம் 27; மிச்சமும் சமமானால் அதிகம் அடித்தவருக்கே முதலிடம்; எனவே 61 அடித்த கார்டிஃப் சாம்பியன். அதோடு நில்லாமல் வெற்றிக்கு 3 என்ற விதியையும் சேர்த்துக்கொண்டால், 23 வெற்றியும் 11 டிராவும் பெற்ற ஹட்டர்ஸ்ஃபீல்டுக்கு 80, 22 வெற்றியும் 13 டிராவும் பெற்ற கார்டிஃபுக்கு 79, மறுபடி ஹட்டர்ஸ்ஃபீல்டு! ஆட்டங்களும் அவையே, கோல்களும் அவையே, டேவிஸ் தவறவிட்ட பெனால்டியும் அதுவே. விதிப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டப் புரட்டக் கிரீடம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவுகிறது. வேல்ஸ் நாட்டுக் கழகம் ஒன்று இங்கிலாந்து லீக்கை அதற்கு முன்னும் வென்றதில்லை, பின்னும் வென்றதில்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கை 1989 மே 26-ஆம் தேதி இரவு ஆன்ஃபீல்டில் நடந்தது. லிவர்பூலை அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தாலொழியப் பட்டம் இல்லை என்ற நிலையில் அங்கே போன ஆர்சனல், ஆட்ட நேரம் தீர்ந்து கூடுதல் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருக்கையில் மைக்கேல் தாமஸ் அடித்த கோலால் 2-0 என்று முடித்தது. இருவருக்கும் 22 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி. இருவருக்கும் 76 புள்ளி. இருவருக்கும் மிச்சம் 37. 65 கோல் அடித்த லிவர்பூலை 73 கோல் அடித்த ஆர்சனல் தாண்டிவிட்டது. பழைய வகுத்தல் விதி மட்டும் அமலில் இருந்திருந்தால், 65-ஐ 28-ஆல் வகுத்து 2.32 பெறும் லிவர்பூல், 73-ஐ 36-ஆல் வகுத்து 2.03 பெறும் ஆர்சனலுக்கு மேலே நின்றிருக்கும்; தாமஸின் கோலைப் பற்றி இன்று எவரும் புத்தகமும் எழுதியிருக்க மாட்டார்கள், படமும் எடுத்திருக்க மாட்டார்கள்.

"விதி இன்னதென்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியுமே, தெரிந்துதானே ஆடினார்கள்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆம், தெரிந்துதான் ஆடினார்கள். ஆகவே ஆர்சனலின் பட்டமும் ஹட்டர்ஸ்ஃபீல்டின் பட்டமும் சட்டப்படி செல்லும். அவற்றை நான் பறிக்க வரவில்லை. சட்டப்படி செல்லுவது வேறு, சத்தியம் வேறு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு நாளேனும் காத்துக்கிடந்த எவருக்கும் இந்தப் பேதத்தை விளக்க வேண்டியதில்லை. அரிச்சந்திரன் புகழப்படுவது, பொய் சொல்ல நாவும் அவசியமும் இருந்தும் சொல்லாமல் சுடலை காத்தவன் என்பதற்காக. வாயே இல்லாத பேரேட்டுக்கு அந்தப் புகழைச் சூட்டுவது அரிச்சந்திரனுக்குத்தான் அவமானம்.

பேரேட்டில் ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத வரிகளும் ஏறுகின்றன. 1996 டிசம்பரில், ஆட்டக்காரர்கள் பலர் நோயிலும் காயத்திலும் கிடக்கிறார்கள் என்று சொல்லிப் பிளாக்பர்னுக்குப் போகாமல் இருந்துவிட்ட மிடில்ஸ்பரோவுக்கு 3 புள்ளி அபராதம் விதித்தார்கள். சீசன் முடிவில் அது 39 புள்ளியோடு கீழ்ப் பிரிவுக்கு இறங்கிற்று. மைதானத்தில் அது சம்பாதித்திருந்தது 42. 41 பெற்ற கவன்ட்ரி பிழைத்துக்கொண்டது. அபராதம் நியாயமா, அநியாயமா என்பது இங்கே பிரச்சினை அல்ல. கவன்ட்ரி, மிடில்ஸ்பரோவைவிட நன்றாக ஆடிற்று என்று அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல எந்த அபிமானிக்கு மனம் வரும்?

விதியைப் பற்றிய பேச்சு இவ்வளவு போதும். இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் இன்னொரு நம்பிக்கை உண்டு. அதைத் தட்டினால்தான் கூரை ஆடும். "அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் எல்லாருக்கும் வரும், சீசன் முடிவதற்குள் சரிக்குச் சரி ஆகிவிடும்" என்பதே அது. பயிற்சியாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் சொல்லுகிறார்கள். பழைய ஆட்டக்காரர்கள் தொலைக்காட்சியில் தலையை ஆட்டிக்கொண்டு இதை ஆமோதிக்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா போட்டுப் பார்த்தவர்களேனும் இதை நம்பாமல் இருக்க வேண்டும். ஒரு நாணயத்தை 38 முறை சுண்டினால், மிகச் சரியாக 19 பூவும் 19 தலையும் விழுவதற்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு 13 அளவுதான். மிச்சம் 87-இல் ஏதோ ஒரு பக்கம் மிகுந்தே நிற்கும். இன்னும் சுண்டிக்கொண்டே போனால் விகிதம் பாதியை நெருங்குமே தவிர, எண்ணிக்கையில் உள்ள இடைவெளி அடைபட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அது அகலவே செய்யும். அக்டோபரில் இவனுக்கு அநியாயம் செய்துவிட்டோமே, மார்ச்சில் ஈடு கட்டுவோம் என்று நாணயத்துக்குத் தோன்றுவதில்லை.

அதிலும் கால்பந்து, கோல் என்பதை மிகக் கஞ்சத்தனமாக அளந்து கொடுக்கும் ஆட்டம். கிரிக்கெட்டில் ஒரு நாளைக்கு முந்நூறு ஓட்டம் சேரும். ஒரு தவறான தீர்ப்பு அந்தப் பெருங்கூட்டத்தில் கரைந்துபோகவும் கூடும். இங்கே ஆட்டத்துக்கு இரண்டோ மூன்றோ கோல். ஒன்று தவறினால் முழு ஆட்டமே தவறிவிடும். 1950 முதல் கையில் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக ஆட்டங்களைக் குறித்துக்கொண்டே வந்த சார்லஸ் ரீப் என்ற விமானப்படைக் கணக்கர், பெஞ்சமின் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோலை நோக்கி உதைக்கும் உதைகளில் ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒன்றுதான் கோலாகிறது என்றும், ஒரே ஆட்டத்தில் அது எப்போது வரும் என்பதில் தற்செயலின் பங்கு பெரிது என்றும் காட்டினார். (அதிலிருந்து அவர் செய்த உபதேசம், பந்தை நீட்டி உதைத்து முன்னே தள்ளு என்பது, இங்கிலாந்தின் ஆட்டத்தை ஒரு தலைமுறை கெடுத்தது என்பது வேறு விஷயம்.) காக்கை உட்காரப் பனம்பழம் விழும் சந்தர்ப்பங்கள் இத்தனை மிகுந்த ஆட்டத்தில், காக்கையின் பலத்தை விழுந்த பழத்தை வைத்து எடைபோடுகிறோம்.

ஒரு மாலை நேரத்தை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 2020 ஜூன் 17. கொள்ளை நோயால் மூன்று மாதம் நின்றுபோன லீக் மறுபடி தொடங்கிய முதல் ஆட்டம். இடம் வில்லா பார்க். நாற்காலிகளில் ஒரு பிராணி இல்லை. முற்பாதி முடிய இன்னும் சில நிமிஷங்கள் இருக்கையில், ஷெஃபீல்டு யுனைடெட்டின் ஆலிவர் நார்வுட் ஒரு ஃப்ரீ கிக்கைக் கோல் பக்கமாக வளைத்து உதைக்கிறார். ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் நைலாண்ட் பந்தைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். அணைத்தவர் தம் அணிக்காரர்மேல் மோதிப் பின்னோக்கித் தடுமாறி, பந்தும் கையுமாகக் கோல்கம்பத்தையும் தாண்டி வலைக்குள் போய்விடுகிறார். ஷெஃபீல்டு ஆட்டக்காரர்கள் கையை உயர்த்துகிறார்கள். நடுவர் மைக்கேல் ஆலிவரோ தம் மணிக்கட்டைச் சுட்டிக்காட்டுகிறார். பந்து கோட்டை முழுதும் தாண்டிய கணத்தில் அதிர வேண்டிய கடிகாரம் அதிரவில்லை. அதிரவில்லையாதலால் கோல் இல்லை. வேறோர் அறையில் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்த உதவி நடுவரும் வாய் திறக்கவில்லை. ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஒவ்வொரு கோலுக்கும் ஏழு காமிராக்கள் வைத்திருக்கும் ஹாக்-ஐ நிறுவனம், அந்த ஏழின் பார்வையும் மறைந்துபோயிற்று என்றும், 9,000-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி நேர்ந்ததே இல்லை என்றும் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் பாட்டிமார் சொல்லும்போது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

சீசன் முடிந்தது. ஆஸ்டன் வில்லா 35 புள்ளி, பதினேழாம் இடம், பிழைத்தது. போர்ன்மத் 34 புள்ளி, பதினெட்டாம் இடம், கீழ்ப் பிரிவுக்குப் போயிற்று. அந்த ஆட்டம் 1-0 என்றே முடிந்திருந்தால் வில்லாவுக்கும் 34; கோல் மிச்சத்தில் போர்ன்மத்தே மேல். பிற்பாதியில் வில்லா ஒரு கோல் போட்டுச் சமன் செய்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை, செய்யாமலும் இருந்திருக்கலாம். இப்போது அந்தச் சரிக்குச் சரி சித்தாந்தத்தைக் கொண்டு வாருங்கள். போர்ன்மத் ஆட்டக்காரர்கள் அன்று அந்த மைதானத்திலேயே இல்லை. மற்ற இருவர் ஆடிய ஆட்டத்தில், எவனோ ஒருவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம் மௌனம் சாதித்ததால் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு, எந்த மாதத்தில், எந்த மைதானத்தில், யார் கையால் ஈடு வரும்? இரண்டு வருஷம் இரண்டாம் பிரிவில் ஆடிவிட்டு 2022-இல்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

இங்கேதான் எதிர்க்கட்சியின் கடைசி ஆயுதம் உறையிலிருந்து வெளியே வரும்: "38 ஆட்டத்தில் ஒன்றைப் பிடித்துத் தொங்காதே. போர்ன்மத் தன் சொந்தக் குற்றத்தால் 22 ஆட்டம் தோற்றதே, அதற்கு என்ன சொல்கிறாய்?" சொல்லுகிறேன். வில்லா 21 ஆட்டம் தோற்றது. இரண்டும் 9 ஆட்டம்தான் வென்றன. ஏறத்தாழ ஒரே அளவுக்கு மோசமான இரண்டு அணிகளுள் ஒன்று கோடிக்கணக்கான பவுண்டு வருமானத்தோடு மாடியில் தங்கிற்று, மற்றது படிக்கட்டில் உருண்டது. இவ்விரண்டுக்கும் நடுவே குணத்திலும் உழைப்பிலும் திறமையிலும் என்ன பேதம் கண்டது பட்டியல்? ஒரு புள்ளிதான் எல்லை என்றான பிறகு, அந்த ஒரு புள்ளியைத் தந்த எந்தச் சிறு சம்பவமும் சிறு சம்பவமாக இருக்க முடியாது. பட்டியல் ஒரு புள்ளியில் தீர்ப்புச் சொல்லலாம், நாம் மட்டும் ஒரு புள்ளியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என்ன தர்க்கம்?

உச்சாணிக் கொம்பிலும் இதே கதைதான். 2018-19-இல் மான்செஸ்டர் சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97. அந்த வருஷம் லீக்கில் லிவர்பூல் தோற்றது ஒரே ஓர் ஆட்டம், 2019 ஜனவரி 3-ஆம் தேதி சிட்டியிடம், 2-1 என்று. அந்த ஆட்டத்தில் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் கோட்டின்மேல் போய்க் காலால் வழித்தெடுத்த பந்து முழுதாக உள்ளே போக இன்னும் ஒரு சென்டிமீட்டர் சுமார்தான் பாக்கி இருந்தது. ஏப்ரலில் பர்ன்லி மைதானத்தில் அகுவேரோ உதைத்து சிட்டிக்கு 1-0 என்ற வெற்றியைத் தந்த பந்து கோட்டைத் தாண்டியிருந்ததோ மூன்று சென்டிமீட்டர் அளவு. இந்த இரண்டு அளவுகளையும் ஒரு விரலால் காட்டிவிடலாம். 97 புள்ளி பெற்றவர்களைப் பார்த்து, "இரண்டாம் இடம்தான் உங்கள் யோக்கியதை" என்று சொன்னவர்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

இவையெல்லாம் மதுக்கூடத்து வாய்ச்சண்டையோடு போய்விட்டால் ஒரு கட்டுரை எழுதும் சிரமம் எனக்கு வேண்டியதில்லை. பட்டியலைப் பார்த்து மனிதர்களை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். இருபது வயதுப் பையன்களை உதவாதவர்கள் என்று ஏலம் போடுகிறார்கள். 2021 பிப்ரவரி 22 அன்று ப்ரைட்டன் தன் மைதானத்தில் கிறிஸ்டல் பேலஸை எதிர்த்து ஆடியது. ப்ரைட்டன் 25 முறை கோலை நோக்கி உதைத்தது; பேலஸ் 3 முறை. 95-ஆவது நிமிஷத்தில் பென்டெகே அடித்த கோலால் பேலஸ் 2-1 என்று வென்றது. அந்தச் சீசனில் ப்ரைட்டனுக்கு இப்படிப்பட்ட மாலைகள் பல. 41 புள்ளியோடு பதினாறாம் இடத்தில் அது முடித்தபோது, பயிற்சியாளர் கிரஹாம் பாட்டர் அழகாக ஆடச் சொல்லித் தருவார், ஜெயிக்கச் சொல்லித் தரமாட்டார் என்பது பலருடைய தீர்ப்பாக இருந்தது. சாட்சி கேட்டால் பட்டியலைக் காட்டினார்கள். மறு வருஷம் அதே மனிதர், அதே கொள்கை, பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்; 51 புள்ளி, ஒன்பதாம் இடம். முன்பு மந்தபுத்தி என்றவர்களே இப்போது மேதை என்றார்கள். சாட்சியும் அதே பட்டியல்தான். 2022 செப்டம்பரில் செல்சி அவரைப் பெரும் தொகை கொடுத்து அழைத்துக்கொண்டு போய், 2023 ஏப்ரலில் வெளியே அனுப்பியபோது, மறுபடியும் பழைய தீர்ப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள். செல்சியில் அவர் ஒழுங்காகச் செய்தாரா இல்லையா என்பது தனி வழக்கு. அதில் நான் வக்கீல் இல்லை. இரண்டு வருஷத்தில் மூன்று முறை நிறம் மாறிய சாட்சியை எந்த நீதிபதியும் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார் என்று மட்டும் சொல்லுவேன்.

ப்ரைட்டன் ஏன் அவரைப் பதினாறாம் இடத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தது? அந்தக் கழகத்தின் உடைமையாளர் டோனி ப்ளூம், கால்பந்துப் பந்தயத்தில் வாய்ப்புகளைக் கணக்கிட்டே செல்வம் சேர்த்தவர். 74 வருஷத்துக்குப் பிறகு 2021-இல் முதற்பிரிவுக்குத் திரும்பிய ப்ரென்ட்ஃபோர்டின் உடைமையாளர் மாத்யூ பென்ஹமும் அதே தொழிலில், ஒரு காலத்தில் ப்ளூமிடமே, வேலை பார்த்தவர். பட்டியலில் ஓர் அணி எங்கே இருக்கிறது என்பதற்கும் அது மெய்யாக எவ்வளவு நன்றாக ஆடுகிறது என்பதற்கும் உள்ள இடைவெளிதான் இவர்களுடைய கொள்முதல் சரக்கு. உதைத்த இடம் எது, கோணம் எது, எதிரே எத்தனை கால்கள் நின்றன என்று ஒவ்வோர் உதைக்கும் மதிப்புப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த மதிப்பையே இப்போது சில இளைஞர்கள் புது வேதமாக்கிக்கொண்டு, முடிந்துபோன ஆட்டத்தையும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று சாதிக்கிறார்கள்; அந்தப் பைத்தியத்துக்கும் நான் உடந்தையில்லை. ஆனால் பட்டியல் பொய் சொல்லாது என்று மேசையைத் தட்டுபவருடைய கையில் இருப்பது ஒரு கோப்பை பீர். சொல்லும் என்று கணக்குப் போட்டவர்கள் வைத்ததோ சொந்தப் பணம்.

இதுவரை நான் பேசியதெல்லாம் பட்டியலின் அறியாமையைப் பற்றி. அது அப்பட்டமாகப் பொய்யே சொன்ன சந்தர்ப்பம் ஒன்று பாக்கி இருக்கிறது. 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. யுத்தம் மூண்டுவிட்டது, அந்தச் சீசனோடு லீக் நின்றுபோகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆட்டக்காரர்களின் சம்பளம் என்னவாகும் என்பது எவருக்கும் தெரியாது. ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும் ஆடின. யுனைடெட் 2-0 என்று வென்றது. அதன் பெனால்டி ஒன்று கோலுக்கு வெகு தூரத்தில் போயிற்று; ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் லிவர்பூலின் ஃப்ரெட் பாக்னம் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, அவருடைய சொந்த அணிக்காரர்களே அவரைக் கடிந்துகொண்டதைக் கூட்டம் பார்த்தது. சரியாக 2-0 என்ற முடிவுக்கே ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பந்தயப் பணம் குவிந்திருந்தது தெரியவந்து, விசாரணை நடந்து, அந்த டிசம்பரில் இரு கழகங்களையும் சேர்ந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஆயுட்காலத் தடை விதித்தார்கள். குற்றம் ஆட்டக்காரர்களுடையது, கழகங்களுடையது அல்ல என்று சொல்லி, ஆட்டத்தின் முடிவை அப்படியே விட்டுவைத்தார்கள்.

அந்த முடிவால் யுனைடெட்டுக்கு 30 புள்ளி. 29 பெற்ற செல்சியும் 28 பெற்ற டோட்டன்ஹாமும் கடைசி இரண்டு இடத்தில். யுத்தம் ஓய்ந்து 1919-இல் முதற்பிரிவை இருபதிலிருந்து இருபத்திரண்டு கழகமாகப் பெருக்கியபோது, செல்சியை இருந்த இடத்திலேயே இருக்க விட்டு அந்தப் பழியைத் துடைத்துக்கொண்டார்கள். டோட்டன்ஹாமின் இடத்துக்கோ வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாம் பிரிவில் முதல் நான்கு இடத்துக்குள்ளும் வராத ஆர்சனல் அதைத் தட்டிக்கொண்டு போயிற்று. அன்று ஏறிய ஆர்சனல் இன்றுவரை இறங்கவில்லை. தடை பெற்றவர்களுள் யுனைடெட்டின் ஈனக் வெஸ்ட், தாம் நிரபராதி என்று நீதிமன்றம் வரை போய்த் தோற்று, முப்பது வருஷம் காத்திருந்து 1945-இல்தான் மன்னிப்புப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 59. சாண்டி டர்ன்புல்லுக்கு 1919-லேயே தடையை நீக்கிவிட்டார்கள். அவர் 1917 மே மாதத்தில், பிரான்ஸில் அர்ராஸ் போர்முனையில் மாண்டுபோயிருந்தார். பட்டியலில் அந்த ஆட்டம் இன்றைக்கும் 2-0 என்றே இருக்கிறது. யுனைடெட்டின் பெயருக்கு எதிரே 2 புள்ளி.